எடு, போடு

மைசூரு
6 ஆகஸ்ட் 2025

கவின்ராஜ் அவர்களுக்கு,

'அவர்களுக்கு' என்று பார்த்ததுமே நான் கோபமாக இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும் என்றுதான் போட்டேன்.

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டீர்கள். போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால் மெயிலில் கடிதம் எழுதுகிறேன். கடிதம் என்றால் நடுவில் குறுக்கிட்டு "சரி விடுங்க பிரதிபா" என்று சொல்ல உங்களால் முடியாது.

மூன்று வருஷமாக நம் 'வாய்க்கால்' தளத்துக்கு வேலை செய்கிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் தமிழிலேயே கேட்டுக் கற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று நீங்கள் ஆரம்பித்தது. கோட் முழுக்கத் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஆனால் அனுப்பியதைச் சேர்க்கும் உரிமை இரண்டே பேருக்குத்தான், உங்களுக்கும் எனக்கும். எனக்கு அது கிடைத்தது இந்த ஜூனில். அன்றைக்கு வீட்டில் கேசரி கிளறினேன். எதற்கு என்று கேட்ட அப்பாவுக்கு விளக்கத் தெரியாமல் "பிரமோஷன் மாதிரி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அது போய்விட்டது. நாலாயிரம் பேர் பார்க்கும் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "மொழிபெயர்ப்பில் நேர்ந்த கடும் பிழை காரணமாக பிரதிபாவின் உரிமை நீக்கப்படுகிறது."

பிழை இல்லை என்று நான் சொல்லவில்லை. அனுமதிக்காகக் காத்திருக்கும் பதிவுகளின் கீழே மாடரேட்டர்களுக்கு இரண்டு பட்டன் உண்டு. ஒன்றை அழுத்தினால் பதிவு எல்லோருக்கும் தெரியும், இன்னொன்றை அழுத்தினால் மூடிவிடும். ஆங்கிலத்தில் ஓபன், குளோஸ் என்று இருந்ததை நான் தமிழில் 'எடு', 'போடு' என்று ஆக்கினேன். திண்டுக்கல்லில் இருக்கும் பாக்கியலட்சுமி ஒருவர்தான் பட்டன்களைத் தமிழில் வைத்து வேலை செய்கிற மாடரேட்டர். அவர் அசிங்கமான பதிவுகளை நீக்க நினைத்து 'எடு'வை அழுத்தினார், அவை ஊருக்கே காட்சியாயின. நல்ல கேள்விகளைப் பதிவிட நினைத்து 'போடு'வை அழுத்தினார், அவை மூடிக்கொண்டன. ஒன்பது நாள் இப்படியே நடந்திருக்கிறது.

அந்த இரண்டு சொல் எப்படி எனக்கு வந்தது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம் இல்லையா? நீங்கள் கேட்காதது உறுத்தி, என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குக்கரஹள்ளி ஏரியை நேற்று மூன்று சுற்று சுற்றினேன்.

பிரதிபா

*

ஹனூர்
7 ஆகஸ்ட் 2025

பிரதிபா,

கோபம் நியாயம். ஆனால் என் இடத்தில் நின்று பாருங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு முப்பது மெயில். தளத்தை எவனோ கைப்பற்றிவிட்டான் என்கிறார் ஒருவர். பாக்கியலட்சுமி வேண்டுமென்றே செய்கிறார் என்கிறார் இன்னொருவர். மற்ற மாடரேட்டர்கள் மதியத்துக்குள் பதில் வராவிட்டால் விலகுகிறோம் என்றார்கள். ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது, செய்தேன். பாக்கியலட்சுமியின் பொறுப்பையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்களை மட்டும் குறிவைத்ததாக நினைக்க வேண்டாம்.

தமிழ்ப் பட்டன்களையே தற்காலிகமாக நிறுத்திவிட்டேன். இப்போது எல்லோருக்கும் ஆங்கிலப் பட்டன்தான் தெரிகிறது.

சொல் எப்படி வந்தது என்று கேட்கச் சொல்கிறீர்கள். கேட்க என்ன இருக்கிறது? மைசூரில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஹனூர்ப் பக்கம் கொங்குத் தமிழ், கதவைத் திற, கதவைச் சாத்து என்றுதான் சொல்வோம். நீங்கள் சந்தேகம் வந்தபோது என்னைக் கேட்டிருக்கலாம்.

இங்கே மூன்று நாளாகக் கரண்ட் வந்து வந்து போகிறது. அம்மா வேறு, "ஏங்கண்ணு, சோறு தின்னாம அந்தப் பொட்டியவே மொறச்சுப் பாத்துட்டு இருக்கற, அதென்ன பேசவா போகுது?" என்கிறார். பேசினால் பரவாயில்லை, திட்டுகிறது.

கொஞ்ச நாள் ஆறப்போடுவோம். மீதி மொழிபெயர்ப்பு உங்களிடம் இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

கவின்ராஜ்

*

நஞ்சன்கூடு ரயிலில்
8 ஆகஸ்ட் 2025

கவின்ராஜ்,

சாமராஜபுரத்தில் ஏறி இரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருக்கும் அம்மா, "ஏன்மா, எறும்பு கடிக்கிறதா?" என்று கேட்டுவிட்டார். உங்கள் கடிதம்தான் கடிக்கிறது என்று எப்படிச் சொல்ல?

தமிழ் 'அப்படி இப்படி' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, என் அப்படி இப்படித் தமிழைக் கேளுங்கள். அப்பா சாம்பசிவன் ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். டியூட்டி முடிந்து வந்து பெல் அடிப்பார். "பிரதிபா, கதவு எடும்மா, எவ்ளோ நேரம் நிக்கறது?" என்பார். வெளியே கிளம்பும்போது "கதவு போட்டுக்கோ, சும்னே எடுத்து வெக்காதே" என்பார். கன்னடத்தில் கதவைத் திறக்கத் தெகி, மூட ஹாக்கு என்கிறார்களே, அதுவே எங்கள் வீட்டில் எடு, போடு ஆகிவிட்டது. எங்கள் தெருவில் இருக்கும் பத்துத் தமிழ்க் குடும்பமும் இப்படித்தான் பேசும். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வராத சந்தேகத்தை நான் எப்படி உங்களிடம் கேட்பது?

அவசரப்பட்டேன், அது என் தப்பு. உரிமை கிடைத்த ஜோரில் இருநூற்றுப் பதினாலு சொல்லை ஒரே நாளில் முடித்தேன். என் பெயர் முதலில் வர வேண்டும் என்ற ஆசை.

ஆனால் ஒன்று. நம் விதிப்படி ஒருவர் அனுப்புவதை அவரே சேர்க்க முடியாது, இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். என் இருநூற்றுப் பதினாலு சொல்லை ஒப்புக்கொண்டது யார்? ஜூலை 25, மாலை 4.51க்கு அனுப்பினேன். 5.02க்கு உங்கள் பெயரில் 'அருமை' என்று பதில் வந்தது. பதினோரு நிமிஷம். அந்தத் திருத்தத்தின் பழைய பக்கத்தில் இன்னும் இருக்கிறது. யாரும் தேடிப் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதானா?

நான் போய்க் காட்டிக்கொடுக்க மாட்டேன். நீங்களே சொல்ல வேண்டும். எனக்கு உரிமையைவிட அதுதான் வேண்டும்.

பிரதிபா

*

ஹனூர்
10 ஆகஸ்ட் 2025

பிரதிபா,

நீங்கள் சொல்வது உண்மை. ஒப்புக்கொண்டது நான்தான். அன்று வேலை நெருக்கடி, படிக்காமல் அழுத்திவிட்டேன். மூன்று வருஷம் உங்களோடு வேலை செய்த நம்பிக்கை. தப்பு என்று தெரிகிறது.

ஆனால் இதை இப்போது பொதுவில் சொன்னால் என்ன ஆகும்? சேர்க்கும் உரிமை இருப்பவன் நான் ஒருவன்தான் இப்போது. என்மீதும் நம்பிக்கை போனால் தளத்தை யார் பார்ப்பது? ஒரு மாசம் பொறுங்கள். சத்தமில்லாமல் உங்கள் உரிமையைத் திருப்பித் தருகிறேன்.

இதுவரை இரண்டு தடவை இந்தக் கடிதத்தை எழுதி அழித்தேன். மூன்றாவது தடவையும் நன்றாக வரவில்லை. அனுப்பிவிடுகிறேன்.

கவின்

*

மைசூரு
13 ஆகஸ்ட் 2025

கவின்,

சத்தமில்லாமல் தருகிற உரிமையை வைத்து நான் என்ன செய்வது? சத்தமாகத்தானே எடுத்தீர்கள்.

சும்மா இருக்க முடியாமல் இரண்டு காரியம் செய்தேன். முதலில் பாக்கியலட்சுமிக்குப் போன் பண்ணினேன். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார், தெரியுமா உங்களுக்கு?  நான் பெயரைச் சொன்னதும் ஆரம்பித்தார்:

"ஏங்க, எடுன்னு எழுதியிருந்துச்சு, எடுத்தேன். போடுன்னு எழுதியிருந்துச்சு, போட்டேன். ரெண்டுல எதை அமுக்குனாலும் வரிசையில இருந்து போயிருது. வரிசை காலியானா வேலை முடிஞ்சுச்சுன்னு போயிருவேன். இதுல நான் என்னங்க தப்புப் பண்ணேன்? என் பிள்ளைக முன்னாடி என்னைய கிறுக்கச்சி ஆக்கிட்டாங்க."

அவருடைய மாணவர்கள் நம் தளத்தில் இருக்கிறார்கள். டீச்சர்தான் அசிங்கமான பதிவுகளைத் திறந்துவிட்டவர் என்று அவர்களுக்குள் பேச்சு.  மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேட்டு என்னங்க பண்றது" என்றார்.

இரண்டாவது, அந்த ஒன்பது நாளில் மூடப்பட்ட முப்பத்தோரு பதிவுகளையும், எனக்கு மெயிலில் வந்திருந்த நகல்களில் படித்தேன். அதில் மூன்று ஒரே ஆளுடையது. கொள்ளேகாலிலிருந்து மாதேவி என்று ஒரு பெண், வீட்டிலிருந்தே புரோகிராம் கற்றுக்கொள்கிறார். ஜூலையில் அவருடைய முதல் கேள்விக்கு ஒருவன், "சமையல் வராமல்தான் இங்கே வந்தாயா?" என்று ஆரம்பித்து, அதற்குமேல் நான் இங்கே எழுத முடியாதபடி எழுதியிருக்கிறான். யாரோ புகார் செய்ய, அது பாக்கியலட்சுமியின் வரிசைக்கு வந்தது. 'எடு'. முகப்பில் இரண்டு நாள் நின்றது. மாதேவி அவனுக்குப் பதில் எழுதினார். புதியவர் என்பதால் அதுவும் வரிசைக்கு வந்தது. நல்ல பதில், 'போடு'. மூடிக்கொண்டது. மறுபடி எழுதினார், மூடியது. மூன்றாவது தடவையும் மூடியது. அவன் பேச்சு எல்லோருக்கும் தெரியும்படி நின்றது, அவர் பேச்சை நாம் மூன்று தடவை அடைத்தோம். 

அவருக்கு எழுதினேன். அன்றே பதில் வந்தது. அப்படியே தருகிறேன்:

"உங்க மன்னிப்பு என்னோட மெயிலுக்கு வந்து என்ன பிரயோசனமுங்க? அவன் என்னயச் சொன்னது நாலாயிரம் பேரு பாக்கற எடத்துல. நீங்க சொல்றதயும் அங்கயே போயிச் சொல்லுங்க. நான் இனி அங்க வரமாட்டனுங்க."

அதனால் என் பாதியை இன்று காலை பொதுவில் எழுதிவிட்டேன். சொல் என்னுடையது, அவசரம் என்னுடையது, பாக்கியலட்சுமிமேல் ஒரு தப்பும் இல்லை என்று. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், "இதை ரிவ்யூ பண்ணினது யாரு?" என்று. நான் பதில் சொல்லவில்லை. கேள்வி அங்கேயே நிற்கிறது. ஆபீஸில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

நீங்கள் சொல்லாவிட்டால் நான் வாய்க்காலை விட்டு வெளியேறுகிறேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மாதேவியிடம் 'அங்கே வாருங்கள்' என்று சொல்ல முடியாத இடத்தில் நான் மட்டும் இருந்து என்ன?

பிரதிபா

*

ஹனூர்
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரதிபா,

உங்களிடம் பொய் சொன்னேன். ஒன்றல்ல, இரண்டு.

முதல் பொய், எங்கள் ஊரில் 'கதவைத் திற' என்றுதான் சொல்வோம் என்பது. அதையும் சொல்வோம், 'எடு'வும் சொல்வோம். எங்கள் கடைவீதியில் காலையில் போய் நின்றால் "சீனு கடை எடுத்தாச்சா?" என்று குறைந்தது நாலு பேர் கேட்பது காதில் விழும்.

இரண்டாவது பொய், படிக்காமல் அழுத்தினேன் என்பது. படித்தேன். இருநூற்றுப் பதினாலையும் படித்தேன், பதினோரு நிமிஷம் அதற்குப் போதும். 'எடு' வந்ததும் சந்தேகமே இல்லாமல் சரி என்று பட்டது. இன்னும் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. பாடப்புத்தகத் தமிழாக இல்லாமல் வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று. அதனால்தான் 'அருமை' என்று எழுதினேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். கர்நாடகத்து ஹனூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனேன். ஹாஸ்டலில் முதல் வாரம், நோட்டு வாங்க வேண்டும், பக்கத்து அறைப் பையனிடம் "கடை எடுத்திருக்காங்களா?" என்று கேட்டேன். அவன் அறை அறையாகப் போய்ச் சொன்னான். "எங்கடா எடுத்துட்டுப் போனாங்க? லாரில ஏத்துனதப் பாத்தியா?" என்று ஒரே சிரிப்பு. நாலு வருஷமும் என் பெயர் 'கடைதூக்கி'. வாத்தியார் ஒருவர்கூட அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் கன்னடம் பேசுகிறவன் என்று நினைத்தார்கள். எங்கள் வீட்டில் தமிழ்தான் என்று சொன்னால், "இதுவா தமிழ்?" என்றார்கள்.

வாய்க்காலை ஆரம்பித்ததே அந்த நாலு வருஷத்துக்குப் பதில் சொல்லத்தான் என்று இப்போது தோன்றுகிறது. தமிழில் தொழில்நுட்பத் தளம் நடத்துகிறவன் என்று பத்திரிகையில் படம்கூட வந்தது. அந்த ஹாஸ்டல் பையன்களில் ஆறு பேர் தளத்தில் இருக்கிறார்கள். சோம்பேறி என்று அவர்கள் சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். 'எடு' என்பதைப் படித்தும் இவனுக்குத் தப்பு விளங்கவில்லை என்று தெரிந்தால்? அந்தப் பயத்தில் 'மைசூர்த் தமிழ் அப்படித்தான்' என்று உங்கள் தலையில் கட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் செய்ததையே நான் உங்களுக்குச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று மதியம் பொதுவில் எழுதினேன். ரிவ்யூ பண்ணியது நான், படித்துத்தான் பண்ணினேன், எனக்கும் அது 'திற' என்றுதான் பட்டது, பிரதிபாவையும் பாக்கியலட்சுமியையும் தண்டித்தது அநியாயம் என்று. மாதேவியின் மூன்று பதிலையும் முகப்பில் வைத்து, அவற்றை அடைத்தது நாங்கள் என்று கீழே எழுதினேன். அவரை அசிங்கமாக எழுதியவனை வெளியேற்றினேன். பாக்கியலட்சுமிக்குப் பொறுப்பைக் கொடுத்துப் போனிலும் பேசினேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். மாதேவியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் பயந்தபடியே நடந்தது. ஒரு மணி நேரத்துக்குள் "டேய் கடைதூக்கி, நீயாடா?" என்று ஒரு பின்னூட்டம். அதற்கு நூற்று நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். ஒரு வேலையும் ஓடவில்லை.

உங்கள் உரிமை திரும்ப வந்துவிட்டது, முகப்பிலேயே அறிவித்திருக்கிறேன். இந்த முறை சத்தமாகத்தான்.

ஒரு உதவி. 'எடு', 'போடு' இரண்டையும் 'திற', 'மூடு' என்று மாற்றி அனுப்பியிருக்கிறேன். அதை நீங்கள்தான் ஒப்புக்கொள்ள முடியும். அந்தப் பழைய சொல் கோடில் இருக்கும்வரை அதைப் படமெடுத்துப் போட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டே சொல். தயவுசெய்து இன்றே அழுத்திவிடுங்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கவின்

*

மைசூரு
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கவின்,

இரண்டு நாளாக நான் அழுத்தாததால் என்னென்ன நினைத்திருப்பீர்கள் என்று தெரியும். பழிவாங்குகிறாள் என்றுகூடத் தோன்றியிருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அழுதேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்த 'கடைதூக்கி' ஆளுக்குக் கீழே போய், "எங்கள் வீட்டிலும் கடை எடுப்போம், போடுவோம். சாயங்காலம் லாரி அனுப்புங்கள்" என்று எழுதினேன். அதற்கு இருநூறு பேர் சிரித்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

உங்கள் திருத்தத்தைச் சனிக்கிழமை மதியமே படித்தேன். திற, மூடு. ஒரு குறையும் தெரியவில்லை. விரல் பட்டன்மேல் இருந்தது. நீங்கள் அங்கே தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடப்பது கண்ணுக்குள் நின்றது. அழுத்திவிட்டிருந்தால் உங்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று தெரியாமல் இல்லை.

ஆனால் எனக்குக் குறை தெரியாததே சங்கடமாக இருந்தது. 'எடு'விலும் தெரியவில்லையே. அதனால் பாக்கியலட்சுமிக்குப் போன் பண்ணினேன். ஊருக்குப் போயிருந்தார், இன்று காலைதான் கிடைத்தார். "ஒரு பதிவு காத்திருக்கு, அதுக்குக் கீழ 'திற'ன்னு இருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"திறந்து பார்ப்பேன். உள்ள என்ன எழுதியிருக்கான்னு படிக்காம எப்பிடிங்க முடிவு பண்றது?" என்றார்.

கேட்டீர்களா? படிப்பதற்காக அவர் அழுத்துவார், அது நாலாயிரம் பேருக்குத் திறந்துகொள்ளும். அடுத்த மாதேவிக்கும் இதுவேதான் நடக்கும்.

"அப்ப என்ன போடலாம்?" என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "எல்லாருக்கும் காட்டு, யாருக்கும் காட்டாதேன்னு போடுங்களேன். எங்க கிளார்க்கு கூடச் சரியா அமுக்குவாரு" என்றார். அவ்வளவு நீளம் பட்டனில் இடிக்கும். பட்டனை அகலமாக்க உங்களுக்கு அரை மணி ஆகும்.

அதனால் உங்கள் திருத்தத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணத்தைப் பொதுவில் என் பெயரில் எழுதியிருக்கிறேன், பாக்கியலட்சுமி சொன்னது என்பதையும் சேர்த்து. 'எடு'வும் 'போடு'வும் இன்னும் ஒரு நாள் கோடில் இருக்கும், உங்களைப் பார்த்து இன்னும் ஒரு நாள் சிரிப்பார்கள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாட்டேன்.

புதிதாக எழுதி அனுப்புங்கள். படித்துப் பார்க்கிறேன், அவரிடமும் படித்துக் காட்டுகிறேன். இந்தத் தடவை பதினோரு நிமிஷத்தில் பதில் எதிர்பார்க்காதீர்கள்.

பிரதிபா